ஹார்ன் அடித்தால் கண் வேகமாகுமா?

வண்ணாரப்பேட்டை சிக்னலில் பச்சை விழும்போது பின்னாலிருந்து யாராவது ஹார்ன் அடித்தால், வண்டியைச் சட்டென்று எடுத்துவிடுகிறோமே, சத்தத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சம்பந்தம் உண்டு. காத்திருக்கும் விளக்கு எரிந்ததும் விரலை அசைக்க நமக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும். விளக்கு எரியும் அதே கணத்தில் ஒரு வெற்றுச் சத்தம் கேட்டால் இதில் இருபது, முப்பது குறையலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய ஓர் அடி தூரம்.

விழித்திரையில் வேதிவினைகள் வரிசையாக நடந்த பிறகே செய்தி கிளம்பும். காதின் மயிர்ச்செல் அசைந்ததுமே செய்தி போய்விடும். ஆகவே இரண்டும் ஒன்றாகத் தொடங்கினாலும் மூளைக்குச் சத்தம்தான் முதலில் வரும்.

வந்த சத்தம் மூளைத்தண்டில் உள்ள 'நீலப்புள்ளி'யை உசுப்பும். லோகஸ் செருலியஸ் என்ற லத்தீன் பெயருக்கும் அதுவே பொருள். அங்குள்ள நிறமியால் வந்த பெயர். இரு பக்கமும் சேர்த்துச் சில பத்தாயிரம் செல்கள்தான். ஆனால் பாபநாசத்தில் தண்ணீர் திறந்தால் தாமிரபரணிக் கால்வாய்கள் எல்லாம் நனைகிற மாதிரி, அவற்றின் இழைகள் பெருமூளை, சிறுமூளை, தண்டுவடம் என எங்கும் பாய்கின்றன. திடீர்ச் சத்தத்துக்கு அவை கொத்தாகத் துடித்து, நார்அட்ரினலின் என்ற உசுப்பும் வேதிப்பொருளைச் சிந்தி, உடனே அடங்கும். அந்தச் சிறு பொழுதில் வலுவான செய்தி இன்னும் வலுக்கும், சலசலப்பு அமுங்கும். இழைகள் மெல்லியவை, வேகம் குறைவு. அதனால் விளக்குக்குச் சற்று முன்பே சத்தம் வந்தால் பலன் கூடும்.

இதற்கு விலையும் உண்டு. இடமா வலமா என்று தேர்ந்து அழுத்தச் சொன்னால், வேகத்தோடு பிழையும் ஏறும். சிவப்பிலேயே கிளம்பும் வண்டிகள் நினைவுக்கு வருகின்றனவா? ஒரே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் உசுப்பலும் மங்கிவிடும். நாள் முழுக்க அலறும் ஏர்ஹார்னால் யாரும் உஷாராவதில்லை. கோயில் மணி மூளையின் இரு பாதியையும் ஏழு விநாடி இணைக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வெறும் கதை.

செலவு எதுவும் இல்லாமல் பள்ளியிலேயே சோதிக்கலாம். ஒருவர் 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாகக் கீழே விட, மற்றவர் இரு விரலால் பிடிக்கட்டும். 20 செ.மீ. விழுந்ததும் பிடித்தால் 202 மில்லிசெகண்ட், 15 என்றால் 175. மூன்றாமவர் பாதி முறை, ஸ்கேல் விழும் கணத்தில், பின்னாலிருந்து கை தட்டட்டும். தட்டும் முறையும் தட்டாத முறையும் கலந்து, இருபது இருபது தடவை. ஸ்கேலை விடாமலும் சில முறை தட்ட வேண்டும். இல்லையென்றால் பிடிக்கும் பையன் ஸ்கேலைப் பார்க்காமல் கைதட்டலுக்கே விரலை மூடிவிடுவான். அளந்தது காதின் வேகமாகிவிடும்.