மூன்றாவது வாரத்தில் மூலைக்குப் போகும் பரு மருந்து

கம்பத்தில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். முகப்பருவுக்காக என்னிடம் வரும் பெண்களில் பலர், விடியும் முன்னரே ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். இவர்கள் மருந்தைப் பாதியில் விடுவதற்கு அலட்சியம்தான் காரணம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மருந்து எப்போது வேலை செய்யும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இன்று முகத்தில் தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் அடைப்பாகத் தொடங்கியது. அடபலீன் களிம்பு அந்த அடைப்பைத்தான் சரிசெய்கிறது. பலன் கண்ணுக்குத் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். எரிச்சலும் தோல் உரிதலுமோ முதல் இரண்டு வாரத்திலேயே வந்துவிடும். சிலருக்குப் பரு கூடியது போலவும் தோன்றும். கஷ்டம் முன்னால், பலன் பின்னால். மூன்றாவது வாரம் கண்ணாடி பார்க்கிறவள், “எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று நிறுத்திவிடுவது இயல்புதானே?

அந்த நேரத்தில்தான் தோழி ஒருத்தி வேறொரு களிம்பைக் கொடுப்பாள். மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆகும். அதில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தியதும் பரு முன்பைவிட மோசமாகக் கிளம்பும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்ற விதி 2018 முதல் இருந்தும் கேட்டவுடன் கிடைப்பது எனக்குத் தீராத ஆற்றாமை.

அதனால் இரண்டாம் முறை வரும்போது மருந்துக் குழாயையும் எடுத்துவரச் சொல்வேன். “ஒழுங்காகப் போட்டாயா?” என்று கேட்டால் எல்லோருமே தலையாட்டுவார்கள். குழாய் பொய் சொல்லாது. பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் மெல்லத் தடவினால் 15 கிராம் குழாய் ஒரு மாதத்துக்குத் தாராளமாக வரும். பத்தே நாளில் தீர்ந்திருந்தால் அப்பிப் பூசி எரிச்சலை வரவழைத்திருக்கிறாள் என்று பொருள். மாதம் முடிந்தும் குழாய் குண்டாக இருந்தால், “எத்தனை இரவு விட்டுப்போனதம்மா?” என்று கேட்பேன். திட்டு விழாது என்று தெரிந்தால் உண்மை வந்துவிடும். பருவுக்குப் பூசும் இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்சைடு பட்டுத் தலையணை உறை வெளுத்ததால் வீட்டில் ஏச்சு வாங்கி, மருந்தையே விட்ட பிள்ளைகள் உண்டு. வெள்ளை உறை போட்டால் தீர்கிற சிக்கல் அது.

எரிச்சல் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு போடட்டும். முதலில் ஈரப்பதக் களிம்பு, அதன்மேல் மருந்து. பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை ஜீப்பில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகலாம். இரவுச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். அந்த மாத்திரை வெயிலில் தோலைச் சுலபமாகக் கன்ற வைக்கும் என்பதால் தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக் கட்டச் சொல்கிறேன். ஐந்து மருந்து எழுதினால் ஒன்றும் உருப்படியாகப் போடப்படாது, இரண்டோடு நிறுத்துவேன். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் எதை வாங்குவது என்றும் சொல்லிவிடுவேன்.

முகம் தெளிந்த பிறகு மாத்திரையை நிறுத்திவிடலாம். அடபலீனை இன்னும் சில மாதங்கள் தொடர வேண்டும், இல்லாவிட்டால் பரு திரும்பும். ஆனால் நாள் தள்ளிப்போனாலோ, கருத்தரிக்கும் எண்ணம் இருந்தாலோ களிம்பு, மாத்திரை இரண்டையும் அன்றே நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள். அந்தச் சமயத்துக்கு ஏற்ற வேறு மருந்துகள் இருக்கின்றன.