தானியங்கியா, தன்னாட்சியா, தானோட்டியா?

ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்க, சாலையில் ஓடும் கார்களைப் பற்றிய செய்திகள் தமிழில் பெருகிவிட்டன. அந்தக் காருக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களும் பெருகிவிட்டன: தானியங்கி கார், தன்னாட்சி வாகனம், ஓட்டுநரில்லா கார், சுயமாக ஓடும் கார். ஒரே கட்டுரையில் தலைப்பில் ஒரு பெயரும் உள்ளே வேறொரு பெயரும் இருப்பதைப் பார்க்கிறோம். ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருந்தால் அது மொழியின் வளம். ஆனால் இந்தச் சொற்கள் சுட்டுவது ஒரே பொருளை இல்லை. காரை ஓட்டும் பொறுப்பு யாரிடம் என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை சொல்கிறது. அந்த விடை தவறினால் உயிர் போகும்.

முதலில் தானியங்கி. ஆங்கிலத்தின் 'ஆட்டோமேட்டிக்' கிரேக்கத்தின் 'ஆட்டோமட்டோஸ்' என்பதிலிருந்து வந்தது. தானே இயங்குவது என்று பொருள். பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியத் காப்பியத்தில் கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்டஸ் சக்கரம் பூட்டிய முக்காலிகளைச் செய்கிறார். அவை தாமாகவே தேவர் சபைக்கு உருண்டு போய்த் திரும்பி வரும். அந்த இடத்தில் இச்சொல் வருகிறது. தமிழில் தானியங்கிக் கதவு, தானியங்கிப் பணப்பொறி என்கிறோம். வகுத்துவைத்த ஒரு வேலையை மனிதக் கை படாமல் திரும்பத் திரும்பச் செய்வது என்பதே இங்கெல்லாம் கருத்து. கார் உலகில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் காரைத்தான் தானியங்கி கார் என்கிறோம். அதே பெயரை ஓட்டுநரில்லாத காருக்கும் கொடுத்தால், விற்பனைக் கூடத்திலேயே குழப்பம் தொடங்கிவிடும்.

அடுத்தது தன்னாட்சி. 'அட்டானமஸ்' என்ற சொல்லில் இரண்டு கிரேக்கப் பகுதிகள் உள்ளன: ஆட்டோஸ் என்றால் தான், நோமோஸ் என்றால் சட்டம். வெளியார் ஆணைக்குக் கட்டுப்படாமல் தன் சட்டத்தைத் தானே வகுத்துக்கொண்ட நகர அரசுகளுக்குக் கிரேக்கர் வழங்கிய அடைமொழி இது. தன்னாட்சி என்ற தமிழ்ச் சொல் அந்தப் பொருளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. குறை மொழிபெயர்ப்பில் இல்லை, மூலச் சொல்லிலேயே இருக்கிறது. கார் தனக்கென்று எந்தச் சட்டத்தை வகுக்கிறது? போகும் இடத்தைப் பயணி சொல்கிறார். வேக வரம்பை அரசு வைக்கிறது. வரைபடத்தையும் மென்பொருளையும் நிறுவனம் அனுப்புகிறது. கார் திகைத்து நின்றால் தொலைவில் இருக்கும் பணியாளர் ஒருவர் வழி சொல்கிறார்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. 2014-இல் ஜே3016 என்ற தரநிலையை வெளியிட்டது. ஓட்டும் வேலையில் எவ்வளவு காரின் கைக்குப் போகிறது என்பதைக் காட்டும், பூஜ்யம் முதல் ஐந்து வரையிலான நிலைகளை உலகம் முழுவதும் பேசவைத்தது அந்த ஆவணம்தான். தவிர்க்க வேண்டிய சொற்கள் என்று அது ஒரு பட்டியலைத் தருகிறது. அதில் 'அட்டானமஸ்' இருக்கிறது. வெளித்தொடர்பை நம்பி இயங்கும் ஒன்றை அப்படி அழைப்பது பொருந்தாது என்பது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. மூலமொழியின் பொறியாளர்களே தள்ளிவைத்த சொல்லைத் தமிழில் தன்னாட்சி என்று பெயர்த்துச் சுமப்பானேன்?

அந்த நிலைகளில் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே உள்ள கோடுதான் முக்கியம். இரண்டாம் நிலையில் கார் தடத்தைப் பிடித்து ஓடும், முன்வண்டிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனாலும் ஓட்டுவது மனிதர்தான்; கண் சாலையை விட்டு விலகக் கூடாது. மூன்றாம் நிலையில், வகுத்த சூழலுக்குள் ஓட்டும் வேலை அமைப்பின் கைக்கு முழுமையாகப் போகிறது. மெர்சிடிஸ் பென்ஸின் 'டிரைவ் பைலட்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2021 டிசம்பரில் ஜெர்மனியில் ஒப்புதல் பெற்றபோது, நெடுஞ்சாலை நெரிசலில் மணிக்கு 60 கிலோமீட்டர் வரை அது தானே ஓட்டலாம் என்பது வரம்பு. ஓட்டுநர் திரையில் படம் பார்க்கலாம், தூங்கக் கூடாது. சக்கர வளைவுக்குள் ஈரத்தை அறியும் உணரி (சென்சார்) ஒன்று உண்டு. அவசர ஊர்தியின் சைரனைக் கேட்க ஒலிவாங்கிகள் உண்டு. மழை, சுரங்கப்பாதை என்று தன்னால் இயலாத சூழல் வந்தால், பொறுப்பைத் திரும்ப ஏற்கும்படி ஓட்டுநரை அழைக்கும். இத்தகைய அமைப்புகளுக்கான ஐ.நா. விதிமுறையின்படி, அழைத்த பிறகு குறைந்தது 10 விநாடி காத்திருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு வண்டியை நிறுத்த வேண்டும். பெட்ரோலில் ஓடும் எஸ் கிளாஸ், மின்சாரத்தில் ஓடும் இ.க்யூ.எஸ். இரண்டிலும் இதே அமைப்பு வந்தது. மின்னூர்தி என்றாலே தானாக ஓடுவது என்ற எண்ணமும் இங்கே கழன்றுவிடுகிறது.

நான்காம் நிலையில் அழைக்கவே ஆள் வேண்டாம். கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த வேமோ 2020 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் முன்னிருக்கையில் யாருமில்லாத டாக்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஆனால் வகுத்த பகுதிக்கு வெளியே அது போகாது. எங்கும் எப்போதும் ஓட்டும் ஐந்தாம் நிலை இன்னும் தாளில்தான் இருக்கிறது.

சந்தை இந்தக் கோட்டை மதிக்கவில்லை. இரண்டாம் நிலைக் கார்களுக்கு 'ஆட்டோபைலட்', 'முழுத் தானோட்டம்' என்ற பொருள்படும் பெயர்கள் சூட்டப்பட்டன. பெயரை நம்பியவர்கள் சாலையிலிருந்து கண்ணை எடுத்தார்கள். ஓட்டுநரின் கவனத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு போதவில்லை என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு கண்டதால், 2023 டிசம்பரில் டெஸ்லா சுமார் 20 லட்சம் கார்களுக்குத் திருத்தம் அனுப்ப நேர்ந்தது. மறு ஆண்டு தன் மேல்நிலை மென்பொருளின் பெயரோடு 'மேற்பார்வையுடன்' என்ற சொல்லையும் அந்நிறுவனம் சேர்த்துக்கொண்டது. பிரிட்டனில் 2024 மே மாதம் சட்டமான தானியக்க வாகனச் சட்டம் ஒரு படி மேலே போகிறது: ஒப்புதல் பெறாத வாகனத்தை, தானே ஓட்டும் என்று நம்பவைக்கும் சொற்களால் விளம்பரப்படுத்துவதை அது குற்றமாக்குகிறது. 2025 ஏப்ரலில் சீன அரசும் கார் விளம்பரங்களில் இத்தகைய சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று நிறுவனங்களை எச்சரித்தது. அரசுகள் இவ்வளவு கவனமாக இருக்கும்போது, தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டாம் நிலைக் காரைக் கூசாமல் 'ஓட்டுநரில்லா கார்' என்று எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நம் இலக்கணம் இங்கே கைகொடுக்கிறது. ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை. கார் ஓடுகிறது, யாரோ அதை ஓட்டுகிறார்கள். எல்லாக் கார்களும் ஓடுபவைதான், அதனால் 'தானாக ஓடும் கார்' என்பதில் புதுமை எதுவும் இல்லை. மாறியிருப்பது ஓட்டும் வேலை. அந்த வேலையை எடுத்துக்கொண்ட உணரிகள், கணினி, மென்பொருள் ஆகியவற்றின் தொகுதியே தானோட்டி. இது நான் படைத்த சொல் இல்லை, சிலர் ஏற்கெனவே எழுதிவருவதுதான். ஆனால் காரை விட, காரை ஓட்டும் அமைப்புக்கே அதைப் பெயராக வைத்துக்கொள்வது தெளிவு தரும். தானோட்டி பொருத்திய ஊர்தி தானோட்டி ஊர்தி. மூன்றாம் நிலை முதல்தான் அந்தப் பெயருக்குத் தகுதி. அதற்குக் கீழே உள்ளவற்றை ஓட்டுநர் உதவி அமைப்பு என்றே எழுத வேண்டும்.

ஆளே இல்லாத நான்காம் நிலைக்குப் புறநானூற்றின் 27-ஆம் பாடல் ஒரு தொடரை வைத்திருக்கிறது: 'வலவன் ஏவா வான ஊர்தி'. வலவன் என்றால் தேரோட்டி. புலவர் பாடும் புகழுடையோர் அத்தகைய ஊர்தியை எய்துவர் என்று உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழ மன்னன் நலங்கிள்ளிக்குச் சொல்கிறார். அன்றே நம்மிடம் இந்த நுட்பம் இருந்தது என்று சிலர் இதைக் காட்டுவதுண்டு. பாடல் பேசுவது துறக்கத்தை, அதாவது சொர்க்கத்தைப் பற்றி. எனக்கு வேண்டியது அதன் சொல்லாட்சி மட்டும். ஏவுபவன் இல்லை என்பதை இரண்டே அசைகளில் 'ஏவா' சொல்லிவிடுகிறது என்று வியக்கத் தேவையில்லை, அது எதிர்மறைப் பெயரெச்சத்தின் இயல்பு. அந்த இயல்பை வைத்தே 'ஓட்டுநரில்லா ஊர்தி' என்று இன்று எளிதாகச் சொல்லலாம். அதை நான்காம் நிலைக்கென்றே ஒதுக்கிவைக்கலாம்.

ஒரு சொல் மட்டும் இன்னும் அமையவில்லை. மூன்றாம் நிலையில் அமைப்பு அழைக்க, மனிதர் ஏற்கும் அந்த 10 விநாடிச் செயலுக்குப் பெயர் வேண்டும். 'கைமாற்று' என்று எழுதலாமா என்றால், வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன்தான் நினைவுக்கு வரும். 'ஒப்படைப்பு' கொடுப்பவரின் செயலை மட்டும் சொல்கிறது. அமைப்பு கொடுத்துவிட்டது, மனிதர் வாங்கினாரா என்பது அதில் தெரிவதில்லை. இப்போதைக்கு நான் 'பொறுப்பேற்பு' என்று எழுதுகிறேன். பிரிட்டன் சட்டம் 'பொறுப்பிலுள்ள பயனர்' என்ற கருத்தில் பெயரிட்டிருக்கும் அந்த மனிதருக்கும் அதே வேரிலிருந்து 'பொறுப்பேற்பவர்' என்ற பெயர் கிடைத்துவிடுகிறது.