பழைய கைக்கடிகாரம் பழுதுபார்க்கப் போய்ப் பாழானால்: சட்டம் என்ன தருகிறது?

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கைகோத்து 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான ஹெச்எம்டியின் கடிகாரப் பிரிவை மூடிவிட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. ஆனாலும் அதன் பழைய மாடல்களான தாத்தாவின் ஜனதாவும் அப்பாவின் பைலட்டும் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. சாவி கொடுத்தாலும் ஓடாதவை, கண்ணாடி மங்கியவை, டயலில் ஈரம் ஏறிக் கறை படிந்தவை. இவற்றைப் புதுப்பித்துத் தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அப்படிப் போன கடிகாரம் கெட்டுத் திரும்பினாலோ, திரும்பாமலே போனாலோ நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. அதை நம்பி உள்ளே போனால் ஏமாற்றம்தான். வேளாண் கருவிகள், செல்பேசி உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது அது. கடிகாரத்தின் உரிமையாளருக்கு உதவுபவை வேறு இரண்டு சட்டங்கள்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, அதைவிட மிகப் பழைய இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872.

நுகர்வோர் சட்டத்தின்படி, பணம் வாங்கிக்கொண்டு பழுதுபார்ப்பது ஒரு சேவை. செய்து தருவதாக ஏற்றுக்கொண்ட வேலையின் தரத்திலோ செய்த விதத்திலோ குறை இருந்தால் அது 'சேவைக் குறைபாடு'. கவனக்குறைவால் இழப்பு ஏற்படுத்துவதும், வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதற்குள் அடங்கும் என்று பிரிவு 2(11) தெளிவாகவே சொல்கிறது. ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, இனி வழியில்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம்.

'ஏற்றுக்கொண்ட வேலை' என்பதில்தான் பழைய கடிகார வழக்குகளின் சிக்கல் எல்லாம் இருக்கிறது. டயலை முழுக்க அழித்துப் புதிதாகப் பெயின்ட் அடித்து, உறையைப் பளபளவென்று பாலிஷ் போட்டுத் தருவது பழுதுபார்ப்பவரின் கண்ணுக்கு நல்ல வேலை. பழைய எழுத்தும் பழைய நிறமும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்த உரிமையாளருக்கோ அது பேரிழப்பு. அடித்த பெயின்ட்டுக்குக் கீழே இருந்த அசல் டயல் திரும்பி வராது. இந்த இருவரில் யார் சொல்வது சரி என்பதற்கு எந்தச் சட்டத்திலும் விடை கிடையாது. என்ன பேசி முடிக்கப்பட்டது என்பதை மட்டுமே புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பார்க்கும். 'டயலைத் தொடக் கூடாது, கண்ணாடியும் மெயின் ஸ்பிரிங்கும் மட்டும் மாற்ற வேண்டும், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்' என்ற ஒரு வரி ரசீதிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ இருந்தால் வழக்கு உங்கள் பக்கம். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் நிரூபிப்பது கடினம்.

உள்ளே இருக்கும் மெஷினை மாற்றிவிட்டார்கள் என்ற புகாரும் இதே வகைதான். கொடுக்கும் முன் டயல், பின்மூடியின் எண், முடிந்தால் மூடியைத் திறந்து மெஷின், இவற்றைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். அவர் கண்ணெதிரே செய்தால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு. தொழில் தெரிந்தவர் கோபிக்க மாட்டார். அவரே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார். பில் கேளுங்கள். பில் தராமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டுச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

ஒப்பந்தச் சட்டம் வேறு கோணத்தில் கை கொடுக்கிறது. ஒரு வேலைக்காகப் பொருளை ஒப்படைத்தால், அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பெற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 151. தெரிந்தவர் என்று காசு வாங்காமல் செய்து கொடுத்தாலும் இது பொருந்தும். இலவச சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பதால் இந்த வேறுபாட்டை நினைவில் வைப்பது நல்லது.

தாமதத்துக்கும் இங்கே பதில் உண்டு. 'உதிரி பாகம் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்' என்ற பாட்டைக் கேட்காத கடிகார உரிமையாளர் யார்? தன் தவறால் உரிய காலத்தில் திருப்பித் தராதவர், அந்த நாளிலிருந்து பொருளுக்கு நேரும் இழப்புக்கும் சேதத்துக்கும் பொறுப்பு என்கிறது பிரிவு 161. ஆகவே திருப்பித் தரும் தேதி ரசீதில் எழுதப்பட்டிருப்பது முக்கியம்.

கடைக்காரருக்கும் உரிமை இருக்கிறது. வேலையை முடித்துவிட்டால், கூலி வரும்வரை கடிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பிரிவு 170 அவரை அனுமதிக்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி கிடைக்கும்வரை நகைத் தொழிலாளி வைத்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பிரிவே தரும் உதாரணம். ஆனால் அந்த உரிமை அந்தப் பொருளுக்குச் செய்த வேலையின் கூலிக்கு மட்டும்தான். போன வருடம் வேறொரு கடிகாரத்துக்கு வைத்த பாக்கிக்காக இதைப் பிடித்துவைக்க முடியாது.

பேச்சில் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். அவர்கள் இரு தரப்புக்கும் இடையே தீர்வு காண முயல்வார்கள். உத்தரவிட அவர்களால் இயலாது. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். நேரில் கொடுக்கலாம், நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் கொடுக்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். எந்த ஆணையம் என்பதைக் கடிகாரத்தின் மதிப்பு தீர்மானிப்பதில்லை, சேவைக்காகக் கொடுத்த தொகை தீர்மானிக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் என்பதால் கடிகார வழக்கு அதைத் தாண்டிப் போக வாய்ப்பே இல்லை. அந்தத் தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது.

கூரியரில் அனுப்பியவர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் செய்த பெரிய உதவி ஒன்று உண்டு. முந்தைய சட்டத்தில், எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டும். இப்போது புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே போடலாம். திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு அனுப்பிய கடிகாரத்துக்குத் திருநெல்வேலி ஆணையத்தில் நியாயம் கேட்கலாம்.

கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவும், குறையைச் சரிசெய்யவும், இழப்பீடும் வழக்குச் செலவும் தரவும் ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 25 ஆயிரம் முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப் பிரிவு 72 இடம் தருகிறது. பொருளைப் பரிசோதிக்கத் தேவைப்படாத வழக்கை 3 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதல் காலம் ஆகும் என்று எண்ணியே இறங்குங்கள்.

பழைய கடிகாரங்களை வாங்கிப் புதுப்பித்து லாபத்துக்கு விற்பவர்களுக்கு ஒரு தடை இருக்கிறது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் 'நுகர்வோர்' ஆக மாட்டார். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருட்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு தருகிறது, சேவைக்கு அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. நுகர்வோர் ஆகாதவர்கள் ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் உரிமையியல் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.