கண்ணுக்கு ஆறிவிட்டது, விரலுக்கு ஆறவில்லை

கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம். தோல் தடித்து, கறுத்து, கோடுகோடாக வரி விழுந்து மரப்பட்டை மாதிரி ஆகியிருந்தது. ஆறு வருடமாக இருக்கிறதாம். அந்த அம்மா பையைத் திறந்து ஒன்பது களிம்பு ட்யூப்களை மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒன்றுகூட முழுதாகத் தீரவில்லை. "போட்டா நாலஞ்சு நாள்ல அடங்கிடும் டாக்டர். நிறுத்தினா ரெண்டு வாரத்துல அதே இடத்துல மறுபடி வந்துடும். இதுக்கு மருந்தே கிடையாதா?"

தோல் மருத்துவராக நான் அதிகம் கேட்ட கேள்வி இது. கேட்பவர்களின் சலிப்பும் எனக்குப் புரிகிறது. ஆனால் பதில் பெரும்பாலும் அந்த ட்யூப்களிலேயே இருக்கிறது. மருந்து ஒவ்வொரு முறையும் வேலை செய்திருக்கிறது. வேலை முடிவதற்குள் ஒவ்வொரு முறையும் நிறுத்தப்பட்டிருக்கிறது.

எக்ஸிமா என்று நாங்கள் சொல்வதைத்தான் கரப்பான் என்றும் படை என்றும் வீட்டில் சொல்கிறோம். மேல்தோலை இறுக்கமாகவும் ஈரமாகவும் வைத்திருக்க ஃபிலாக்ரின் என்ற புரதம் உதவுகிறது. அதற்கான மரபணுவில் குறை இருப்பவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2006-இல் தெரியவந்தது. எக்ஸிமா உள்ள எல்லாருக்கும் அந்தக் குறை இருப்பதில்லை. ஆனாலும் காரணம் எதுவானாலும் அது காப்பு குறைந்த தோல்தான். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகிறது. வெளியே இருக்கும் சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. அழற்சி உண்டாகிறது, அரிக்கிறது, சொறிகிறோம். சொறியச் சொறியக் காப்பு இன்னும் குறைகிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்க ஆரம்பிக்கும். தடித்த தோல் இன்னும் அதிகமாக அரிக்கும். கணுக்காலில் நான் பார்த்த மரப்பட்டை அப்படி வந்ததுதான்.

களிம்பு போட்டதும் முதலில் போவது அரிப்பு. அடுத்து சிவப்பு. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பும் சரியாகத் தெரியாது. ஊதா கலந்த சாம்பலாகவோ அடர்ந்த பழுப்பாகவோதான் இருக்கும். அதனால் கண் சீக்கிரம் ஏமாந்துவிடுகிறது. ஆறிவிட்டது என்று நினைத்து நிறுத்துகிறோம். உள்ளே அழற்சி இன்னும் அடங்கியிருக்காது.

ஆகவே நான் ஒரு பழக்கம் சொல்லித்தருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த இடத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள். பிறகு பக்கத்திலிருக்கும் நல்ல தோலைத் தடவுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் வரை சிகிச்சை முடியவில்லை. நிறம் கணக்கில் வராது, தடிப்பும் சொரசொரப்பும்தான் கணக்கு. மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்னால் நிறுத்தத் தோன்றும்போதெல்லாம் இதைச் செய்து பாருங்கள்.

அடுத்த சிக்கல் அளவு. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு களிம்பு என்றதும் பயந்து, பொட்டு வைப்பது போலத் தொட்டுத் தேய்க்கிறார்கள். அதற்கு ஓர் எளிய அளவை 1991-லேயே வந்துவிட்டது. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கைக்கு மூன்று விரல்நுனி அளவு, பாதம் நீங்கலாக ஒரு காலுக்கு ஆறு. முதல் தடவை கேட்பவர்கள் "அவ்வளவா!" என்பார்கள். ஆமாம், அவ்வளவுதான் வேண்டும்.

பயத்துக்கும் காரணம் இல்லாமலில்லை. வீரியமான ஸ்டீராய்டு களிம்பை முகத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் தெரியும், வரிகள் விழும். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே மருந்து, மரப்பட்டையாகிவிட்ட கணுக்கால் தோலுக்குச் சில வாரங்கள், கண்காணிப்போடு போட்டால் நல்லதே செய்கிறது. இடத்துக்கு ஏற்ற வீரியம், நோய்க்கு ஏற்ற நாள்கள். தடிப்பு இறங்கியதும் ஒரேயடியாக நிறுத்தாமல், நோய் வழக்கமாகத் திரும்பும் இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் சில மாதங்கள் போடச் சொல்வோம். திரும்பத் திரும்ப வரும் எக்ஸிமாவை அடக்குவதில் இந்த இரண்டு நாள் முறைக்கு நிகராக எளிமையான வேறொன்றை நான் பார்த்ததில்லை. முகத்துக்கும் இமைக்கும் டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புகள் இருக்கின்றன. முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும். அந்த எரிச்சலை ஒவ்வாமை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஈரப்பதக் களிம்பு. உடம்பு முழுக்க வறண்ட, எக்ஸிமா உள்ள பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரைகூடத் தேவைப்படும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடக் குளியல், துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் பூசிவிட வேண்டும். மயிர் படிந்திருக்கும் திசையிலேயே தடவுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் மயிர்க்கால்களில் கொப்புளம் வரலாம். வாசனை இல்லாததாக இருக்கட்டும். இன்னொன்று, அடிக்கடி சொல்லப்படாதது: இந்தக் களிம்புகள் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. அடுப்பு, விளக்குப் பக்கம் கவனம்.

சரி, சொரசொரப்பும் சிறுசிறு மேடுகளும் இருந்தால்? இங்கேதான் நிறையக் குழப்பம். மேல்கையின் வெளிப்புறத்திலும் தொடையிலும் எப்போதும் புல்லரித்தபடியே இருப்பது போல் தோல் இருக்கிறதா, அரிப்பு பெரிதாக இல்லையா? அது கெரடோசிஸ் பிலாரிஸ். மயிர்க்காலின் வாயைக் கெரடின் என்ற தோலின் கெட்டியான புரதம் அடைத்துக்கொள்கிறது, அவ்வளவே. நோய் என்று சொல்லவே எனக்கு மனம் வராது. ஆனால் அரைக்கைச் சட்டை போடக் கூசும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் சின்ன விஷயம் என்று தள்ளவும் முடியவில்லை. நார் போட்டுத் தேய்த்தால் மேடுகள் இன்னும் சிவந்து முரடாகும். யூரியா 10 முதல் 20 சதவீதம் உள்ள களிம்பு, அல்லது லாக்டிக் அமிலம் கலந்தது, தினமும் பல வாரங்கள் போட்டால் மென்மையாகும். விட்டால் மெல்லத் திரும்பும். வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே குறைகிறது. வெடித்த எக்ஸிமாமேல் மட்டும் இவற்றைப் பூச வேண்டாம், கடுமையாக எரியும்.

அதே மாதிரி மேடுகள் வயிற்றிலும் முதுகிலும் கூட்டமாக, அரிப்போடு இருந்தால் அது எக்ஸிமாவாகவே இருக்கலாம். கறுத்த தோலில் எக்ஸிமா பல நேரம் தட்டையாக வராமல் மயிர்க்கால்களைச் சுற்றி மணிமணியாகத்தான் வருகிறது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கறுத்த, கெட்டியான, கடுமையாக அரிக்கும் மேடுகள் அலைஅலையாக இருந்தால் லைக்கன் அமிலாய்டோசிஸ். வருடக்கணக்கில் சொறிந்ததிலும் தேய்த்ததிலும் தோலுக்குள் புரதம் படிந்து உண்டாவது. உள்ளுறுப்புகளைப் பாதிக்கும் அமிலாய்டோசிஸ் என்ற நோயோடு இதற்குச் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அரிப்பு நிற்காமல் மேடு இறங்காது. இரவில் தூக்கத்தில் சொறிபவர்களுக்கு அந்த இடத்தை மருந்திட்டு மூடிக் கட்டுவது எவ்வளவு உதவுகிறது என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்றால், இது எக்ஸிமாதானா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். பூஞ்சையால் வரும் படர்தாமரைக்கு ஸ்டீராய்டு போட்டால் முதலில் அரிப்பு குறையும், பிறகு ஓரம் கலைந்து அடையாளம் தெரியாமல் பரவும். ராத்திரியில் மட்டும் உச்சத்துக்குப் போகும் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் சிரங்குப் பூச்சியைத் தேட வேண்டும். கையிலோ முகத்திலோ மட்டும் விடாமல் வந்தால் தொடு ஒவ்வாமையாக இருக்கலாம்: நிக்கல், வாசனைப் பொருள், முடிச்சாயம், ஏன், பூசும் களிம்பு கெடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருளாகக்கூட. முதுகில் ஒட்டுகளை ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்து, நான்காம் நாள் வாக்கில் மறுபடி பார்க்கும் பேட்ச் சோதனையில்தான் அது பிடிபடும். உணவு ஒவ்வாமை என்று நினைத்து, அதற்கான சோதனை இல்லாமலேயே குழந்தைக்கு உணவை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வளர்ச்சி பாதிக்கப்பட்டு வந்த குழந்தைகளைப் பார்க்க மனசு வலிக்கிறது.

களிம்புக்கு அடங்காதவர்களுக்கு ஒளி சிகிச்சை இருக்கிறது, மாத்திரைகள் இருக்கின்றன. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசிக்குப் பிறகு கடுமையான எக்ஸிமாவின் கதையே மாறியிருக்கிறது. அதுவரை போகத் தேவையில்லாதவர்கள்தான் அதிகம்.

ஒரே ஒரு சூழ்நிலையில் காத்திருக்கக் கூடாது. எக்ஸிமா உள்ள இடத்தில் திடீரென்று ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து, குத்தி எடுத்த மாதிரிப் புண்ணாகி, வலியும் காய்ச்சலும் இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸ் பரவுவதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கண்ணருகே என்றால் இன்னும் அவசரம்.

அந்த அம்மா நாலாவது மாதம் வந்தார். இடம் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. களிம்பால் வந்த கறுப்பா என்று கேட்டார். இல்லை, அழற்சி விட்டுப்போன நிறம், மங்க இன்னும் சில மாதங்கள் ஆகும் என்றேன். அவரையே தடவிப் பார்க்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகத் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "இங்க மட்டும் கொஞ்சம் இருக்கு டாக்டர்" என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். நகத்தளவு தடிப்பு. வாரம் இரண்டு நாள் களிம்பைத் தொடரச் சொல்லி எழுதிக்கொடுத்தேன்.