எண்ணெய் தேடியவர்கள் தூக்கிப் போட்ட எதிரொலி

மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எண்ணெய் தேடுகிற கப்பல் கடலுக்குள் சத்தம் போட்டு, தரைக்கு அடியில் இருக்கிற பாறையைப் படம் பிடிக்கிறது என்று போன முறை எழுதினீர்கள். நடுவில் கிலோமீட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கிறதே, அதிலிருந்து ஒன்றுமே திரும்பி வராதா? நம்ம மும்பைக்கு அப்பால் இருக்கிற பாம்பே ஹை எண்ணெய் வயலில் யாராவது பார்த்திருக்கிறார்களா?"

முதல் கேள்வியை எண்ணெய்க்காரர்கள் பல வருஷம் கேட்டுக்கொள்ளவே இல்லை. வெறும் தண்ணீர்தானே என்று பதிவின் அந்தத் துண்டை அழித்துவிட்டுத்தான் வேலையையே ஆரம்பிப்பார்கள்.

முறை தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலின் பின்னால் தொங்கும் ஏர்கன், அழுத்தி அடைத்த காற்றைப் பத்து இருபது நொடிக்கு ஒருமுறை டப்பென்று தண்ணீருக்குள் விடும். அந்தச் சத்தம் கீழே போகும் வழியில் பொருளின் தன்மை மாறும் இடங்களில் கொஞ்சம் எதிரொலிக்கும். கப்பல் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்து வரும் கேபிளில் வரிசையாக ஹைட்ரோபோன்கள், அதாவது தண்ணீருக்குள் கேட்கும் மைக்குகள். போய்வந்த நேரம் தெரிந்தால் ஆழம் தெரியும்.

2000-இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே கடலடிப் பாறையை ஆராயத்தான் ஒரு கப்பல் இப்படிப் போனது. அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஸ்டீவன் ஹோல்புரூக்கும் சகாக்களும் அந்தப் பதிவில் தண்ணீர்ப் பகுதியை அழிக்காமல், ஒலியைக் கூட்டிப் பார்த்தார்கள். குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும் வெதுவெதுப்பான வட அட்லாண்டிக் நீரோட்டமும் உரசும் இடத்தில், தண்ணீருக்குள்ளேயே கோடு கோடாக அடுக்குகள் தெரிந்தன. 2003-இல் சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது.

தண்ணீரில் பட்டுத் தண்ணீரே எப்படி எதிரொலி தரும்? கடலில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடும். குளிர்ந்த நீரில் வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் அந்த வேகம் மூன்று நான்கு மீட்டர் கூடும். வேகம் மாறும் அந்த எல்லையில்தான் ஒலி கொஞ்சம் திரும்பும். பிறகு நார்வே கடலில் வெப்பமானிகளையும் இறக்கி ஒப்பிட்டபோது, 0.03 டிகிரி வித்தியாசம்கூடக் கோடாகத் தெரிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், அனுப்பின ஒலியின் வீச்சில் லட்சத்தில் மூன்று நான்கு பங்குதான் திரும்பி வரும். ஒரே இடத்திலிருந்து வரும் எதிரொலியைப் பல மைக்குகள் கேட்பதால், எல்லாவற்றையும் நேரம் சரிசெய்து கூட்டினால் எதிரொலி வளரும், இரைச்சல் தனக்குத்தானே அடித்துக்கொண்டு அடங்கும்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடம். கண்ணாடி டம்ளரில் நன்னாரி சர்பத்தை ஊற்றி, அதன் மேல் கரண்டியைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரை மெதுவாக விடுங்கள். (செம்பூரில் என் வீட்டில் மே மாதம் முழுக்க இந்தச் சோதனை நடக்கும்.) டம்ளரை லேசாகச் சாய்த்து நிமிர்த்தினால், மேற்பரப்பு உடனே அடங்கிவிடும், உள்ளே இருக்கும் பழுப்புக் கோடு மட்டும் சோம்பேறித்தனமாக ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் எடை வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால் இழுத்து நிறுத்தும் விசையும் கொஞ்சம்தான். கடலுக்குள் ஓடும் உள்ளலை இதுதான். அந்தமான் கடலில் இது 60 மீட்டருக்கு மேலும் எழும், மேலே தெரிவதோ நீள நீளமான சலசலப்புப் பட்டைகள் மட்டும். 1975-இல் அப்பல்லோ-சோயுஸ் விண்வெளி வீரர்கள் அவற்றைப் படம் எடுத்திருக்கிறார்கள். யாராவது அந்தப் படத்தைப் போட்டு "சுனாமி வரப்போகிறது" என்று வாட்ஸப்பில் அனுப்பினால், தயவுசெய்து அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

எதிரொலிக் கோடுகள் பெரும்பாலும் ஒரே அடர்த்தியுள்ள நீரைத் தொடர்ந்து போகின்றன, ஆக அந்தப் பழுப்புக் கோட்டைப் போலவே நீர் ஏறி இறங்கியதைக் காட்டுகின்றன. கோட்டை எடுத்துக்கொண்டு அதில் ஒரு கிலோமீட்டர் நெளிவு எவ்வளவு, அரைக் கிலோமீட்டர் நெளிவு எவ்வளவு, நூறு மீட்டர் நெளிவு எவ்வளவு என்று பிரித்து அளக்கலாம். உள்ளலையாக இருந்தால், நெளிவின் நீளம் பாதியாகும்போது அதன் வலு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் சில நூறு மீட்டருக்குக் கீழே வரும்போது சரிவு திடீரென்று நிதானமாகி, பாதிக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறங்கும். 1941-இல் ரஷ்யக் கணித மேதை கோல்மகோரவ் கொந்தளிப்புக்குச் சொன்ன கணக்கு அதுவே! அலை உடைந்து சுழியாகும் இடம் இது. அந்தச் சுழிகள் சென்டிமீட்டர் அளவுக்குப் போகும், இந்த ஒலியால் பத்து மீட்டருக்குக் கீழே எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. இருந்தும் கோடு கசங்கியிருக்கும் விதத்தை வைத்து, அங்கே எவ்வளவு ஆற்றல் கரைகிறது என்று சொல்லிவிடலாம். துணியின் சுருக்கத்தைப் பார்த்து யார் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அம்மா கண்டுபிடிப்பாரே, அந்த மாதிரி. நார்வே கடலில் 2005-இல் ஹோல்புரூக்கும் இல்கெர் ஃபெரும் பார்த்தபோது, நடுக்கடலில் கணக்கு வழக்கமான உள்ளலையோடு ஒத்துப்போனது, கரையோர ஆழமற்ற பகுதி முடிந்து கடலடி சரிந்து இறங்கும் கண்டச் சரிவை நெருங்கியதும் நெளிவு கூடியது.

இது எதற்கு என்றால், அடியில் போய்ச் சேர்ந்த குளிர்ந்த நீர் மேலே வர யாராவது கலக்க வேண்டும். அமெரிக்கக் கடலியலாளர் வால்டர் மங்க் 1966-இல் போட்ட கணக்குக்குத் தேவைப்பட்ட கலக்கலில் பத்தில் ஒரு பங்குதான் திறந்த கடலில் பல இடங்களில் அளந்தபோது கிடைத்தது. மீதி எங்கே நடக்கிறது என்று தேடக் கருவியை ஒவ்வொரு இடமாக இறக்கி ஏற்றினால் நாள்கணக்காகும். இந்த ஏர்கன் கப்பலோ நூறு கிலோமீட்டரை அரை நாளில் கிட்டத்தட்ட மேலிருந்து கீழ்வரை வெட்டிக் காட்டிவிடும்.

புதுக் கப்பலுக்குக் கோடிகள் கேட்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை, ஏர்கன் சத்தம் திமிங்கிலங்களுக்கும் நல்லதல்ல. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் எண்ணெய்க்காக ஏற்கெனவே போட்ட சத்தம் பதிவாகி இருக்கிறது. எண்ணெய்க்காரர் வேண்டாமென்று ஒதுக்கிய அந்த நொடிகளை இரண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கும் ஒரு நல்ல கம்ப்யூட்டருக்கும் சம்பளம், கரண்ட் செலவு கொடுத்துத் திறந்துவிட்டால் போதும், இதற்குக் கமிட்டி மேல் கமிட்டி எதற்கு?

பாம்பே ஹை கேள்விக்கு வருகிறேன். அங்கே கடல் சுமார் 75 மீட்டர் ஆழம்தான். ஏர்கனிலிருந்து நேராக மைக்குக்கு ஓடிவரும் சத்தமே முதல் நூறு மீட்டரின் எதிரொலிகளை விழுங்கிவிடும், அதனால் அங்கே இந்த வித்தை பலிக்காது. கரையை ஒட்டிய ஆழமற்ற கண்டத் திட்டைத் தாண்டி, ஆழம் திடீரென்று இறங்கும் இடத்துக்கு மேற்கே போக வேண்டும்.