‘நீந்திக் கடந்தான்’: ஆங்கிலக் கூட்டுவினை பிரெஞ்சுக்குப் போகும் வழி

ஆகஸ்ட் விடுமுறையில் பிரான்சிலிருந்து உறவினர் வந்து இறங்கும் கிளிநொச்சி வீடுகளில் மூன்று மொழிகள் ஒரே விறாந்தையில் புழங்கும். பாரிசில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு, இங்குள்ள மச்சான் மச்சாள்மாருக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம், அம்மம்மாவுக்குத் தமிழ். அவர்கள் திரும்பிப் போன பிறகு, என்னிடம் ஆங்கிலம் படிக்கும் மாணவி ஒருத்தி தன் மச்சாளுக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுத முயன்றாள். “அப்பா சிகரெட்டை விட்டுவிட்டார்” என்பதை முதலில் ஆங்கிலத்தில் ‘கிவ் அப்’ என்று எழுதி, பின்னர் அகராதியைப் பார்த்து, கொடுத்தலைக் குறிக்கும் ‘தொனே’யையும் மேலே என்பதைக் குறிக்கும் ‘ஆன் ஓ’வையும் அடுத்தடுத்து வைத்திருந்தாள். மாமா சிகரெட்டை உயரத் தூக்கி யாருக்கோ கொடுத்தார் என்றுதான் அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கும்.

அங்கே வரவேண்டியது நிறுத்துதலைக் குறிக்கும் ‘அரெத்தே’. அதே ‘கிவ் அப்’, ஒரு திட்டத்தைக் கைவிடும்போது ‘அபாந்தொனே’ அல்லது ‘ரெனோன்சே’ ஆகும். சரணடையும்போது ‘செ ராந்த்ர்’ ஆகும். விடுகதைக்கு விடை தெரியாத பிரெஞ்சுப் பிள்ளையோ, “என் நாக்கைப் பூனைக்குக் கொடுக்கிறேன்” என்று சொல்லித் தோல்வியை ஒப்புக்கொள்ளும்.

ஒரு வினையும் அதன் பின்னால் நிற்கும் ஒரு சிறுசொல்லும் சேர்ந்து புதிய பொருளைத் தரும் இத்தொடர்களை ஆங்கில வகுப்பில் ‘பிரேசல் வேர்ப்’ என்று படிப்பிக்கிறோம். அவற்றைச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் வைக்க முடியாததற்குக் காரணம், அசைவைப் பற்றிய செய்தியை இரு மொழிகளும் வேறு வேறு இடங்களில் ஏற்றுவதுதான். இரணைமடுக் குளத்து வாய்க்காலை ஒரு பொடியன் நீந்திக் கடப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் நீந்துதலை வினையில் வைத்து, கடத்தலை ‘அக்ரோஸ்’ என்ற சிறுசொல்லுக்குத் தள்ளிவிடும். பிரெஞ்சு கடத்தலையே ‘த்ராவெர்சே’ என்று வினையாக்கி, நீந்துதலை ‘ஆ லா நாஜ்’ என்று வாக்கியத்தின் கடைசியில் சேர்க்கும். கனடாவில் பணியாற்றிய வினே, தார்பெல்னே என்ற இரு மொழியியலாளர்கள் 1958ஆம் ஆண்டில் இந்த இடமாற்றத்தை விளக்கியபோது, இருவர் இடம் மாறிக்கொள்ளும் ஒரு நடன அசைவின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

இனி நம்முடைய வாக்கியத்தைப் பாருங்கள். ‘நீந்திக் கடந்தான்’ என்பதில் முற்றுவினை கடத்தல். நீந்துதல் வினையெச்சமாக ஒதுங்கி நிற்கிறது. சொற்களின் வரிசை வேறாக இருந்தாலும், எது தலைமை, எது துணை என்ற கணக்கில் தமிழும் பிரெஞ்சும் ஒன்றே. அசைவின் பாதை வினையில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பார்த்து மொழிகளை இரண்டு வகையாகப் பிரித்த அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி, தமிழையும் பிரெஞ்சையும் ஒரே வகையில்தான் வைத்தார். ஏறு, இறங்கு, நுழை என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்பவற்றைப் பிரெஞ்சும் ‘மோந்தே’, ‘தெசாந்த்ர்’, ‘ஆந்த்ரே’ என்று ஒற்றைச் சொல்லிலேயே சொல்கிறது. ஆகவே வன்னிப் பிள்ளை ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகவே பிரெஞ்சுக்குக் கொண்டு போகலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரெஞ்சில் திசைகாட்டும் சிறுசொற்களே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அவற்றில் சில லத்தீன் காலத்திலேயே, சில பழைய பிரெஞ்சுக் காலத்தில், வினையின் முன்பக்கத்தில் ஒட்டி இறுகிவிட்டன. சுமத்தலைக் குறிக்கும் ‘போர்த்தே’யின் முன்னால் ‘ஆம்’ சேர்ந்தால் ‘ஆம்போர்த்தே’, கொண்டு போதல். ‘அ’ சேர்ந்தால் ‘அப்போர்த்தே’, கொண்டு வருதல். ‘சுப்’ சேர்ந்தால் ‘சுப்போர்த்தே’, கீழிருந்து தாங்குதல், அதன் வழியே பொறுத்துக்கொள்ளுதல். ஆங்கிலம் மூன்று சொற்களில் ‘புட் அப் வித்’ என்பது இந்தக் கடைசிச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இதில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கிலத்தின் ‘டேக்’ பொருளுக்கும் ஆளுக்கும் பொதுவானது. பிரெஞ்சில் பொருளென்றால் ‘ஆம்போர்த்தே’, ஆளென்றால் ‘ஆம்னே’. பையைக் கொண்டு போகிறோம், தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று பழகிய பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

மிகவும் தொல்லை தருவது ‘அப்’ என்ற சிறுசொல். முறிகண்டியில் வாங்கிய கச்சானைப் பஸ் மாங்குளம் போய்ச் சேரும் முன் ‘ஈட் அப்’ செய்தோம் என்றால், அதில் மேல்திசை எதுவும் இல்லை. மிச்சமில்லாமல் முடிந்தது என்பதே செய்தி. நாம் அதைத் துணைவினையால் ‘சாப்பிட்டு முடித்துவிட்டோம்’ என்கிறோம். பிரெஞ்சும் முடித்தலைக் குறிக்கும் ‘ஃபினீர்’ என்ற வினையையோ, முழுவதும் என்ற சொல்லையோ நாடும்.

மதிப்பு மாறும் இடமும் ஒன்று உண்டு. 1066ஆம் ஆண்டில் நோர்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் அரசவை வழியாக ஆங்கிலத்துக்குள் வந்ததால், ‘கோ டவுன்’ வீட்டுப் பேச்சாகவும் ‘டிசென்ட்’ கனத்த எழுத்தாகவும் பிரிந்தன. அதன் உறவுச் சொல்லான ‘தெசாந்த்ர்’ பிரெஞ்சில் படியிறங்கும் குழந்தையும் சொல்லும் சொல். அதைப் பெரிய சொல் என்று எண்ணி மாணவர் தவிர்க்கக்கூடாது. விளக்கை அணைக்கும் ‘எத்தேந்த்ர்’ கூட, அம்மம்மா “லைற்றை நூர்” என்று சொல்வதைப் போல அன்றாடச் சொல்தான்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உள்ளன. ‘பிக் அப்’ என்பது கீழே விழுந்ததைப் பொறுக்கும்போது ‘ரமாசே’, தொலைபேசியை எடுக்கும்போது ‘தேக்ரோஷே’. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருவதற்கோ பிரெஞ்சில் ‘அலே ஷெர்ஷே’, அதாவது ‘தேடப் போதல்’. பிள்ளை எங்கும் தொலைந்துவிடவில்லை. அந்த மொழியின் வழக்கு அது. இப்போது அந்த மாணவி தன் கொப்பியில் ஆங்கிலத் தொடரை மட்டும் எழுதுவதில்லை. அதற்குப் பக்கத்தில் யாரை, எதை, எங்கிருந்து என்று தமிழில் குறித்துக்கொண்ட பிறகே பிரெஞ்சு வினையைத் தேடுகிறாள்.