பனிக்குட நீர் விட்ட வேலையைத் தொடரும் தாய்ப்பால்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் பேரன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை ஒரு கிலோதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு மில்லி தாய்ப்பாலை டியூபில் விடுகிறார்கள். மகளுக்கு இன்னும் பால் சரியாக ஊறவில்லை. அந்த ஒரு மில்லியில் என்ன ஆகிவிடப் போகிறது? பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் சீக்கிரம் எடை ஏறாதா?"

எடை ஏறும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு மில்லி பசிக்காகக் கொடுப்பதல்ல. குழந்தைக்கு வேண்டிய சத்து இப்போதைக்கு ட்ரிப்ஸ் வழியாக ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும். பால் போவது குடலைக் காப்பாற்ற.

குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் டாக்டர்கள் மிகவும் பயப்படும் நோய்களில் ஒன்று, 'நெக்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நெக்ரோடைசிங் என்டரோகொலைடிஸ். குடல் சுவர் அழுகிப்போகும் நோய். பிறந்து இரண்டு மூன்று வாரம் நன்றாகத் தேறிவந்த குழந்தைக்குத் திடீரென்று வயிறு உப்பும், பச்சையாக வாந்தி வரும், மலத்தில் ரத்தம் தெரியும். சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிப் போகலாம். முற்றிவிட்டால் செத்துப்போன குடல் பகுதியை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. நோய் வந்த குழந்தைகளில் நான்கில் ஒன்று பிழைப்பதில்லை என்று தோராயமாகச் சொல்லலாம்.

1990-இல் இங்கிலாந்தில் ஆலன் லூகாஸும் டி. ஜே. கோலும் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட, பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு நெக் ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக வந்திருந்தது. இரண்டையும் கலந்து குடித்தவர்களோடு ஒப்பிட்டாலும் மூன்று மடங்கு. அதாவது, முழுதாகக் கொடுக்க முடியாவிட்டாலும் கிடைக்கிற கொஞ்சம் தாய்ப்பாலுக்குக்கூடப் பலன் இருக்கிறது.

ஏன் என்பதுதான் அழகான கதை.

குடலின் உள்சுவர் செல்களில் டி.எல்.ஆர்.4 என்று ஒரு ஏற்பி இருக்கிறது. சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள ஒரு பொருளை அது தொட்டு அறிந்து, "ஆள் வந்துவிட்டான்" என்று உடலுக்குச் சொல்லும். பத்து மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைக்கு, பிறக்கும் நேரத்தில் இந்த ஏற்பி குறைந்திருக்கும். கருவிலோ அது மிக அதிகம். குடல் வளர்ச்சியிலேயே அதற்கு ஒரு பங்கு இருப்பதாக எலி ஆய்வுகள் காட்டுகின்றன. கருப்பைக்குள் பாக்டீரியாக் கூட்டம் இல்லாததால் ஆபத்தும் இல்லை. ஏழாம் மாதத்தில் வெளியே வந்த குழந்தைக்கு ஏற்பி இன்னும் உச்சத்தில் இருக்க, குடலிலோ பாக்டீரியாக்கள் குடியேறத் தொடங்கிவிடுகின்றன. அவ்வளவுதான், உடல் அளவுக்கு மீறிச் சீறுகிறது; மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடுகிறது. குடல் செல்கள் மடிகின்றன. புண் ஆறுவது தடைபடுகிறது. ஓட்டை வழியாக பாக்டீரியா உள்ளே போகிறது. அங்கே ரத்தக்குழாய்ச் சுவரிலும் இதே ஏற்பி இருக்கிறது. அது தூண்டப்பட்டால் குழாயை விரித்து வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்து, குழாய் சுருங்குகிறது. ரத்தம் போகாத குடல் அழுகுகிறது.

இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துக் காட்டியதில் பெரும்பங்கு அமெரிக்கக் குழந்தைகள் அறுவை மருத்துவர் டேவிட் ஹேக்கமின் குழுவுக்கு உண்டு. குடல் செல்களில் மட்டும் டி.எல்.ஆர்.4-ஐ நீக்கிய எலிக்குட்டிகளுக்கு நெக் வரவில்லை. 2012-இல் அதே குழு சொன்ன விஷயம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது: பனிக்குட நீர் இந்த ஏற்பியை அடக்கி வைக்கிறது. கருவிலிருக்கும் குழந்தை அந்த நீரைக் குடித்துக்கொண்டேதான் வளர்கிறது. பிரசவம் நெருங்கும்போது நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போகும். நீரிலுள்ள இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணிதான் இதில் முக்கியமாக வேலை செய்கிறது. குறைப்பிரசவத்தில் அப்படிக் குடிப்பது பாதியில் அறுந்துபோகிறது.

இ.ஜி.எஃப். தாய்ப்பாலிலும் இருக்கிறது, சீம்பாலில் மிக அதிகமாக. பாலிலுள்ள அதே பொருள் அதே ஏற்பியை அடக்குவதை 2015-இல் எலிகளில் காட்டினார்கள். இன்னொன்றும் உண்டு. 27 வாரத்துக்குள் பிரசவித்த தாய்மார்களின் பாலில், நிறைமாதத் தாய்மார்களின் பாலைவிட இ.ஜி.எஃப். அதிகம் என்று 2003-லேயே அளந்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்குச் சொட்டுச் சொட்டாக வரும் பாலும் அப்படிப்பட்டதாக இருக்கலாம். அதனால்தான் அந்த ஒரு மில்லி.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றுவதையும், சேனை வைக்கிறேன் என்று நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவுவதையும், சங்கில் கழுதைப்பால் புகட்டுவதையும் என்னால் 'நம்ம பழக்கம்' என்று விட்டுவிட முடியவில்லை. குறைமாதக் குழந்தைக்கு இவை எதுவும் வேண்டாம். அரசாங்கத்திடமும் ஒரு ஆதங்கம் உண்டு. வென்டிலேட்டர் வாங்கப் பணம் ஒதுக்குகிற அக்கறை, தாய் பக்கத்திலேயே தங்க ஒரு கட்டிலுக்கும் பால் எடுக்க ஒரு நல்ல பம்புக்கும் வர வேண்டும். பிரசவமான சில மணி நேரத்திலேயே எடுக்கத் தொடங்கி, ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது எடுத்தால்தான் பால் கட்டாமல் ஊறும். வார்டுக்கு வெளியே வராண்டாவில் படுத்திருக்கும் தாயால் அது எப்படி முடியும்?

மகளுக்குப் போதவில்லை என்றால் அடுத்தது தாய்ப்பால் வங்கி. ஆசியாவின் முதல் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் ஒன்று உண்டு. தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கித்தான் கொடுப்பார்கள். அதில் உயிருள்ள செல்கள் போய்விடும், நோய் எதிர்ப்புப் பொருள்கள் கொஞ்சம் குறையும். ஆனாலும் தானப்பாலுக்குப் பதில் பவுடர் பால் கொடுத்தால் நெக் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. குழந்தை அதிகம் குடிக்க ஆரம்பித்த பிறகு, பாலில் புரதமும் கால்சியமும் போதாமல் போகும். அப்போது டாக்டர்களே அதில் கலக்கச் சத்துப்பொடி தருவார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைக்கும் சில சமயம் நெக் வருவதுண்டு. அப்படிப்பட்ட தாய்மார்களின் பாலில் டி.எஸ்.எல்.என்.டி. என்ற சர்க்கரை வகை குறைவாக இருந்ததை அமெரிக்காவின் சான்டியேகோவில் தாய்ப்பாலை ஆராயும் லார்ஸ் போடேயும் மற்றவர்களும் கண்டிருக்கிறார்கள். பாலிலுள்ள இந்த வகைச் சர்க்கரைகளின் அளவைப் பெரும்பாலும் தாயின் மரபணுவே தீர்மானிக்கிறது. அவள் என்ன சாப்பிட்டாள், எதைத் தவிர்த்தாள் என்று யாரும் அவளைக் குறை சொல்ல வேண்டாம்.